ஜரிகை விலையைச் சொன்னவர்

1

இந்தக் கதை மாலை வகுப்பில் பிறந்தது. வியாபாரிகள் கூடிப் பேசி விலையை ஏற்றினால் இனிமேல் குற்றம் என்றார் வணிகவியல் ஆசிரியர் பாஷ்யம் சார். "உள்ளே இருக்கறவனே வந்து சொன்னாத்தான் பிடிக்க முடியும். அதுக்குத்தான் அரசாங்கம் சன்மானம் குடுக்குது." வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினேன்: சன்மானம் வாங்கியவன் அதை எப்படிச் செலவு செய்வான்? அந்த ஒரு வரிதான் என்னிடம் இருந்தது. மற்றதெல்லாம் கற்பனை.

2

முதல் தொடக்கம்: "காஞ்சிபுரத்தில் பொழுது விடிந்தது." எங்கும்தான் விடிகிறது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: ஜரிகைக் கடைக்காரர்கள் துண்டுக்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பிடித்து விலையை முடிவு செய்வார்கள். காகிதமும் கிடையாது, பேச்சும் கிடையாது. மறுநாள் எல்லாக் கடையிலும் ஒரே விலை. அந்த விரல்களின் பாஷை தெரிந்த தரகர் கண்ணாயிரம் ஒருநாள் மெட்ராஸுக்கு பஸ் ஏறினார். அதிகாரிகள் வந்தார்கள். விலை இறங்கியது.

(ஏன் சொன்னார்? பணத்துக்காகவா, நெசவாளர் படும் பாட்டைப் பார்த்தா? இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பாதி உண்மையாகவே பட்டன.)

3

கண்ணாயிரம் சன்மானத்தில் ஒரு வேட்டிகூட வாங்கவில்லை. அதே மாதம், ஜரிகைக்காகக் கடைகளிலேயே காத்துக்கிடக்கும் நெசவாளி பழனி ஒரு டிரான்சிஸ்டர் வாங்கினான். தெருவுக்கு அது போதுமாயிருந்தது.

"பாட்டுப் பொட்டி ஜோரா பாடுது பூவம்மா! யாரைக் காட்டிக்குடுத்த காசு?" என்றாள் குழாயடியில் ஜெயம்மாள்.

"எங்கண்ணன் குடுத்ததும்மா" என்றாள் பழனியின் மனைவி பூவம்மாள்.

"உங்கண்ணனா? அவனே பீடிக்கு எங்க வூட்டுக்காரர்கிட்ட கையேந்திக்கினு இருக்கான்!"

எல்லாரும் சிரித்தார்கள். விலை இறங்கிய ஜரிகையைத்தான் ஜெயம்மாள் வீட்டிலும் நெய்தார்கள். [இந்த வாக்கியம் கட்டுரை போல இருக்கிறது. இருக்கட்டும்.]

கடைகள் பழனிக்கு ஜரிகை தருவதை நிறுத்தின. தறி நின்றது. டிரான்சிஸ்டரை விற்றான். "பயந்துட்டான் பாரு" என்றது தெரு.

அடிக்குறிப்பு: சொன்னவர் பெயரை அரசாங்கம் வெளியிடாது என்றார் பாஷ்யம் சார். அது கண்ணாயிரத்துக்குக் காப்பு. பழனிக்கு அது...

4

பழனியும் பூவம்மாளும் கண்ணாயிரம் வீட்டுக்கே வருகிறார்கள்.

"நீங்க சொன்னா கடைக்காரங்க கேப்பாங்கண்ணா. நான் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

முடிவு ஒன்று: கண்ணாயிரம் கடைத்தெருவில் நின்று "நான்தான்" என்கிறார். மூன்றாம் வரியிலேயே அவர் குரல் என் குரலாகிவிட்டது. அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: கண்ணாயிரம் உள்ளே போய், பிரிக்காத நோட்டுக்கட்டை எடுத்துவந்து பழனி கையில் வைக்கிறார்.

"ஏதுண்ணா இவ்ளோ பணம்?"

"கேக்காதப்பா. தறியை ஓட்டு."

இதையும் அடிக்கத்தான் பேனாவை எடுத்தேன். முடியவில்லை. வாங்கிக்கொண்டால், காட்டிக்கொடுத்த காசு என்று தெரு சொன்ன பொய் இன்றுமுதல் உண்மையாகிவிடும். பழனிக்கு இது இன்னும் விளங்கவில்லை. பூவம்மாளுக்கு விளங்கிவிட்டது. அவள் கண்ணாயிரத்தைப் பார்க்கிறாள், பிறகு நோட்டுக்கட்டை.

அவள் வாய் திறக்கும் இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்த வரி உங்களுடையது. அவளை மானஸ்தியாக்குவது சுலபம். எழுதுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: பிள்ளைகள் நேற்றிலிருந்து சாப்பிடவில்லை.