நாலு டோலிக்காரர்களுக்கு ஒரே கால்

குருநாதன் வாத்தியார் சீமையிலிருந்து திரும்பி வந்த அன்று, பஸ் நின்ற இடத்திலிருந்து வீடுவரை முழங்கால் தெரியும் கால்சட்டையோடு நடந்து வந்தார். ஐப்பசிக் குளிர். ஆரத்தித் தட்டோடு வாசலில் நின்ற அவர் மனைவி வடிவு முதலில் அந்த முழங்கால்களைப் பார்த்தாள்; பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு தகரத் தடுப்பு. ஆகவே நான் சொல்லப்போவதில் பாதி கண்ணால் கண்டது, மீதி தகரத்தின் வழியாக வந்தது. ஊகம் ஏதாவது இருந்தால் அந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானல் பஜாருக்குப் பின்னால் இருக்கிற சின்னப் பள்ளிக்கூடத்தில் அவர் டிரில் மாஸ்டர். அவர் எப்படிச் சீமைக்குப் போனார் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஏரிக்கு மேலே ஒரு பங்களாவில் இருபது கோடைக்காலம் வந்து தங்கிய வெள்ளைக்காரம்மாள் ஒருத்தி, தன் ஜன்னல் வழியாக எங்கள் பள்ளிக்கூடத்து டிரில்லைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உயிரோடு இருந்தவரை பொறுத்துக்கொண்டாள். சாகும்போது உயிலில் எழுதிவிட்டாள்: இந்த மலையிலிருந்து ஒரு டிரில் மாஸ்டரை ஆறு மாதம் இங்கிலாந்துக்கு அனுப்பி, விளையாட்டு சொல்லிக்கொடுப்பது எப்படி என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்போது மலையில் டிரில் மாஸ்டர்கள் இரண்டே பேர். ஒருவருக்குக் குடலிறக்கம். மற்றவர் கொழும்பில் கப்பல் ஏறினார்.

உயிலில் ஒரு கொக்கியும் இருந்தது. திரும்பி வந்த ஒரு வருஷத்துக்குள், மலையில் உழைத்துப் பிழைக்கிற ஆட்களைக் கொண்டு ஓர் அணி தயார் செய்து மதராஸ் இன்ஸ்பெக்டருக்குக் காட்ட வேண்டும். அவர் திருப்தி என்று எழுதினால் வேலை நிரந்தரம். எழுதாவிட்டால் வேலையே கிடையாது.

வேலை போனால் அடுத்து எங்கே என்பதில் வாத்தியாருக்குச் சந்தேகம் இல்லை. மாமனார் ஞானவேல் பழனி அடிவாரத்தில் விபூதி, பஞ்சாமிர்தக் கடை வைத்திருந்தார். வாரம் தவறாமல் கார்டு போடுவார். மாப்பிள்ளைக்கென்று தேக்கில் ஒரு முக்காலி செய்து கடைக்குள் போட்டிருப்பதாகவும், அதில் வேறு யாரையும் உட்காரவிடவில்லை என்றும், விபூதிப் பொட்டலம் மடிப்பது பழகினால் வந்துவிடும் என்றும் எழுதுவார். கார்டு வருகிற அன்று வாத்தியார் சோறு குறைவாகச் சாப்பிடுவார். வடிவுக்கும் பழனி போக மனமில்லை. தன் அப்பா காலையில் பேச ஆரம்பித்தால் கடை சாத்தும்வரை நிறுத்தமாட்டார் என்பது பிறந்ததிலிருந்து அவளுக்குத் தெரியும்.

எந்த விளையாட்டு என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் ஊரில் கால்பந்து ஆட முடியாது. பந்து மேட்டில் நிற்காது. அதற்கு முந்தின வருஷம் உதைத்த பந்தைக் கீழே இருக்கிற வட்டக்கானல்காரர் ஒருவர் மூன்றாம் நாள் கொண்டுவந்து கொடுத்தார். கிரிக்கெட்டும் அப்படியே. வாத்தியார் சீமையில் எழுதிவந்த பச்சை அட்டை நோட்டைப் புரட்டிப் புரட்டி, உருண்டு ஓடாத விளையாட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார். கயிறு இழுப்பது.

கயிறு எங்கள் கடையில்தான் வாங்கினார். என் வீட்டுக்காரர் பிச்சை முகம்மது, கிணற்றுக்கா மாட்டுக்கா என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் எட்டு ஆட்களுக்கு என்றாராம். அன்று சாயங்காலம் இவர் என்னிடம் வந்து, சீமைக்குப் போய் வந்தவர்களை இனிமேல் கேள்வி கேட்கப்போவதில்லை என்றார்.

அந்த எட்டு ஆட்கள் டோலிக்காரர்கள். மோட்டார் ரோடு வந்த பிறகும், மோட்டார் ஏற முடியாத மேட்டுக்கெல்லாம் நோயாளிகளையும் துரைமார்களையும் டோலியில் வைத்துச் சுமந்தவர்கள் அவர்கள்தான். ஒரு நாற்காலி, இரண்டு மூங்கில், நாலு தோள். அவர்களுக்குத் தலைவன் செல்லப்பாண்டி. கழுத்து எங்கே முடிகிறது, தோள் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஆள்.

வாத்தியாரின் நோட்டில் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்ததாம், ஓர் அணி என்பது பல உடம்பும் ஒரு மூச்சும் என்று. கயிற்றைத் தொடுவதற்கு முன்னால் அந்த ஒரு மூச்சு வரவேண்டும். ஆகவே அவர் எட்டுப் பேரையும் முதலில் நடக்கப் பழக்கினார். வெள்ளனே ஆறு மணிக்கு விசில். பிறந்ததிலிருந்து மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு நடை சொல்லிக்கொடுப்பதைப் பார்க்க, பஜாரே பல் குச்சியோடு நின்றது. லெப்ட் என்றால் எட்டு இடது கால், ரைட் என்றால் எட்டு வலது கால். மூன்றாவது வாரத்தில் செல்லப்பாண்டி வந்து தலையைச் சொறிந்தான்.

“வாத்தியாரே, கயிறு இழுக்கச் சரிங்க. டோலி தூக்கையில நாலு பேரு காலும் ஒத்து விழக்கூடாதுங்க. ஒத்துச்சுன்னா நாக்காலி குதிக்கும். ஆளுக்கு ஒரு நேரத்துல கால் வச்சாத்தான் மேல இருக்கிறவுகளுக்கு அலுங்காது.”

வாத்தியார் நோட்டை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தார். “இதுல அப்படி ஒண்ணும் போடலையேப்பா.”

“அப்பச் சீமையில நாக்காலி குதிக்காது போல,” என்று சொல்லிவிட்டு செல்லப்பாண்டி போய் வரிசையில் நின்றான்.

பயிற்சி கூடக்கூட அது உடம்போடு ஒட்டிக்கொண்டது. எட்டுப் பேரும் டீக்கடையில் ஒரே நேரத்தில் கிளாசைத் தூக்கினார்கள், ஒரே நேரத்தில் வைத்தார்கள். ஒருவன் தும்மினால் மற்ற ஏழு பேரும் தும்மலுக்காகக் காத்திருந்தார்கள். செல்லப்பாண்டியின் பெண்சாதி வேலுத்தாய் எங்கள் கடைக்கு மண்ணெண்ணெய் வாங்க வந்தவள், வீட்டில் அவன் சோற்றை வாயில் வைக்குமுன் யாராவது எண்ணவேண்டியிருக்கிறது என்று முறையிட்டாள். வடிவும் தப்பவில்லை. அவள் தோசைக்கு அரைக்கும்போது வாத்தியார் பக்கத்தில் நின்று ஒன், டூ என்று குரல் கொடுப்பார். மாவு நைசாக வந்தது என்பதை நான் மறுக்கவில்லை.

டோலி வேலைக்கு மட்டும் அவர்கள் பழைய நடையையே வைத்திருந்தார்கள். விசில் காதில் விழாத தூரத்துக்குப் போனதும் கால்கள் தானாகப் பிரிந்துவிடும் என்று வேலுத்தாய் சொன்னாள்.

இன்ஸ்பெக்டர் பங்குனியில் வந்தார். உடற்பயிற்சிக்கு இன்ஸ்பெக்டர் என்றால் ஒரு பயில்வான் இறங்குவார் என்று பஜார் எதிர்பார்த்தது. காரிலிருந்து முதலில் ஒரு கைத்தடி வந்தது, அப்புறம் இன்னொரு கைத்தடி, கடைசியாக இன்ஸ்பெக்டர் ராவ்சாகிப் வந்தார். இரண்டு முழங்காலிலும் வாதம். பத்து வருஷமாக மாடிப்படி ஏறியதில்லை என்று அவருடைய டவாலிப் பியூன் சொன்னான். போட்டி நடக்கிற சமதளமோ வட்டக்கானல் போகிற பக்கத்தில் ஒரு மேட்டின் உச்சியில் இருந்தது. எதிரணியாகக் கவுஞ்சியிலிருந்து உருளைக்கிழங்கு மூட்டை தூக்குகிற எட்டுப் பேர் விடியுமுன் புறப்பட்டு வந்து அங்கே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். ராவ்சாகிப் மேலே போக டோலியைத் தவிர வழி இல்லை. டோலி தூக்க அந்த எட்டுப் பேரைத் தவிர ஆள் இல்லை.

சுண்டல் கொண்டுபோகிற சாக்கில் நானும் வடிவும் பின்னாலேயே போனோம். ஆகவே அடுத்து நடந்தது நேரில் பார்த்தது.

ராவ்சாகிப் நாற்காலியில் உட்கார்ந்து, பென்சிலை நக்கி, இப்போதிலிருந்தே குறிப்பு எடுக்கப்போவதாகச் சொன்னார். நாலு பேர் மூங்கிலுக்கு அடியில் தோளைக் கொடுத்தார்கள். செல்லப்பாண்டி வாத்தியாரைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டான்.

“எப்படி நடக்கட்டும்ங்க? எங்க நடையா, ஒங்க நடையா?”

வாத்தியார் பென்சிலைப் பார்த்தார். வடிவைப் பார்த்தார். அந்த நேரத்தில் அவர் கண்ணுக்கு முக்காலி தெரிந்திருக்கும். இது ஊகம்.

“நம்ம நடை,” என்றார். விசிலை ஊதினார்.

முதல் பத்தடிக்கு ராவ்சாகிபின் தொப்பி மட்டும் குதித்தது. அப்புறம் ராவ்சாகிபே குதித்தார். நாலு இடது கால் ஒன்றாக விழும்போது மூங்கில் வளைந்து கீழே போகும். நாலு வலது கால் விழும்போது மேலே எறியும். டோலி நேரே போகவில்லை என்று சொல்ல முடியாது; நேராகத்தான் போனது, ஆனால் துவரையைப் புடைக்கிற மாதிரி போனது. பென்சில் முதல் வளைவில் போயிற்று. மூக்குக்கண்ணாடி இரண்டாவது வளைவில். அவர் நிறுத்தச் சொன்னார். ஆனால் அந்தச் சொல் மூன்று துண்டாக வெளியே வந்ததால் யாருக்கும் விளங்கவில்லை. வாத்தியார் பக்கத்திலேயே ஓடியபடி, நோட்டில் இருந்த மாதிரி, அணியை உற்சாகப்படுத்தினார். வேகம் கூடியது. இப்படி ஓர் ஒற்றுமையை அந்த மலை அதற்கு முன்னால் கண்டதில்லை.

உச்சியில் இறக்கியபோது ராவ்சாகிபின் முகம் பச்சைப் பட்டாணி நிறத்தில் இருந்தது. கம்பளி விரித்து உட்கார வைத்தோம். வடிவு சுண்டலை நீட்டினாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துப் போட்டியை நடத்தலாம் என்றார், ஒரு நிபந்தனையோடு.

“என் கண் முன்னால ஒரு வஸ்துவும் அசையக் கூடாது.”

கவுஞ்சி அணியின் தலைவன் தங்கமுத்து வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். “அசையாம எப்படிங்க இழுக்கிறது?”

“அது உங்க சாமர்த்தியம்.”

ஆகவே பதினாறு பேரும் கயிற்றைப் பிடித்து, விறைப்பாக நிறுத்தி, அசையாமல் நின்றார்கள். டோலிக்காரர்கள் ஒரே மூச்சில் நின்றார்கள். கவுஞ்சிக்காரர்கள் ஆளுக்கொரு மூச்சில் நின்றார்கள். வாத்தியார் ஸ்டாப்வாட்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு காகம் வந்து கயிற்றின் நடுவில் உட்கார்ந்தது. ராவ்சாகிப் அதையும் போகச் சொன்னார். பத்து நிமிஷம் ஆனதும் சமம் என்று தீர்ப்பு சொன்னார்.

திரும்பிப் போக டோலியைக் கொண்டுவந்து வைத்தபோதுதான் அதிசயம். ராவ்சாகிப் எழுந்து நின்றார். கைத்தடிகளைப் பியூனிடம் கொடுத்துவிட்டு வாத்தியாரின் தோளைப் பிடித்துக்கொண்டார். நடந்தே இறங்கினார். பத்து வருஷத்து முழங்கால் ஒவ்வொரு அடிக்கும் கதவு மாதிரி சத்தம் போட்டது. வாத்தியாருக்குக் கை சும்மா இருக்குமா, வாய் சும்மா இருக்குமா. லெப்ட், ரைட் என்று எண்ணிக்கொண்டே வந்தார். இங்கிலாந்துப் படிப்பால் மலையில் நடை கற்றுக்கொண்டவர் யார் என்று என்னைக் கேட்டால், அந்த ஒருவரைத்தான் சொல்லுவேன்.

அறிக்கை வருகிறவரை பதினெட்டு நாள் அந்த வீட்டில் விசில் சத்தம் இல்லை. வடிவு பாத்திரங்களை இரண்டு கோணியில் கட்டி வைத்தாள். அடிவாரத்துக் கார்டு மட்டும் வந்துகொண்டிருந்தது. முக்காலிக்கு வார்னிஷ் அடித்தாயிற்றாம்.

அறிக்கையை வாத்தியார் உரக்கப் படித்தார். தகரத்துக்கு வேலை வைக்கவில்லை. டோலிக்காரர்களுக்கு ஒற்றுமை பூரணமாக ஏற்பட்டிருக்கிறது என்று ராவ்சாகிப் எழுதியிருந்தார். பொதுமக்களின் உயிரை உத்தேசித்து அந்த ஒற்றுமையை உடனே நீக்குவது அவசியம். அதை ஏற்படுத்தியவர் எவரோ அவரே நீக்கத் தகுந்தவர். எனவே குருநாதனுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு; ஒற்றுமை மீதி இருக்கும்வரை வருஷா வருஷம் புதுப்பிக்கலாம். அடுத்த தடவை பார்வையிடத் தான் நேரில் வரப்போவதில்லை.

வடிவு ஒரு கோணியை அவிழ்த்தாள். மற்றதை அவிழ்க்கவில்லை.

மறுநாள் ஆறு மணிக்கு மறுபடியும் விசில். வாத்தியார் நோட்டில் புதிதாக ஒரு பக்கம் தொடங்கி, கால்களைப் பிரிக்கப் பாடம் எழுதியிருந்தார். விசில் ஊதியதும் எல்லோரும் கால் மாற்ற வேண்டும். ஊதினார். எட்டுப் பேரும் ஒரே நொடியில் கால் மாற்றினார்கள். மறுபடி ஊதினார். மறுபடியும் எட்டும் ஒன்றாக மாறின. ஒரு மாதம் இப்படியே போயிற்று. ஒற்றுமை முன்னைவிடக் கூடியது.

செல்லப்பாண்டி ஒரு நாள் எங்கள் கடையில் நின்று வாத்தியாரிடம் சொன்னான். “நீங்க ஊதாம இருந்தீகன்னா ஒரே நாள்ல பிரிஞ்சிரும்ங்க.”

“பிரிஞ்சிருச்சுன்னா எனக்கு என்ன சோலி?” என்று வாத்தியார் கேட்டார். சிரிக்காமல்தான் கேட்டார்.

செல்லப்பாண்டி கடை வாசலில் தொங்கிய கயிறுகளைப் பார்த்தான். பீடி வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

ஆவணியில் ஞானவேல் வந்தார். மாப்பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தார் என்பது வடிவு அவிழ்த்த கோணியை மறுபடி கட்டியதிலிருந்து தெரிந்தது. பெரிய உடம்பு; பஸ்ஸைவிட்டு இறங்கியதும் டோலி பேசிவிட்டார். தூக்கியவர்கள் செல்லப்பாண்டியும் இன்னும் மூன்று பேரும். நான் கடை வாசலில் நின்று பார்த்தேன். பஸ் நிலையத்திலிருந்து பஜார் முழுவதும் ஒரு சொட்டு அலுங்கல் இல்லை. மனுஷர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டே வந்தார், மாப்பிள்ளை வேலை முடிந்துவிட்டது போலத் தெரிகிறதே என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டே போனார்.

நானும் பின்னாலேயே நடந்தேன். எங்கள் தெரு முனை வந்தது. செல்லப்பாண்டி தலையை ஒரு தடவை அசைத்தான். எந்த விசிலும் இல்லை. நாலு இடது கால் ஒன்றாக விழுந்தது.

சுண்ணாம்பு டப்பா எங்கள் வாசலில் விழுந்தது. வெற்றிலை அடுத்த வாசலில். முப்பதடி தூரம்தான், ஆனால் வாத்தியார் வீட்டு முன்னால் இறக்கியபோது ஞானவேல், எனக்குத் தெரிந்து முதல்முறையாக, பேசாமல் இருந்தார். வடிவு தண்ணீர் கொடுத்தாள். இரண்டு செம்பு குடித்த பிறகுதான் குரல் வந்தது.

“மாப்பிள்ளை, ஒங்களுக்கு இங்கன சோலி நெறையாக் கெடக்கு.”

மறுநாள் வெள்ளனே அவர் பஸ் பிடிக்கக் கிளம்பினார். தெரு முனைவரை நடந்தே போய், அங்கிருந்துதான் டோலி ஏறினார். வடிவு இரண்டு கோணியையும் அவிழ்க்கிற சத்தம் தகரத்தில் கேட்டது. இன்றைக்கும் எங்கள் தெருவுக்கு டோலியில் வருகிறவர்கள் முனையில் இறங்கிவிடுகிறார்கள். தெரியாமல் வருகிற வெளியூர்க்காரர்களுக்காக, உடையாத சுண்ணாம்பு டப்பா கடையில் வாங்கி வைத்திருக்கிறோம்.