இரண்டாவது மிஸ்டு கால்

எங்கள் மருத்துவமனையில் ஹெச்.ஐ.வி. மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் தினமும் மாலையில் மிஸ்டு கால் கொடுப்பது என் வேலை. மாத்திரை போட்டதும் அவர்கள் திருப்பி ஒன்று கொடுக்க வேண்டும். பேச்சே கிடையாது. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். இவர்கள் குடியிருக்கும் வீடுகளில் சுவரே அரைகுறைதான்.

கொத்தனாருக்கும் அவர் மனைவிக்கும் ஒரே போன். திருப்பி வரும் முதல் மிஸ்டு கால் அந்த அக்காவுடையது, இரண்டாவது அவருடையது என்று பேசிவைத்திருந்தோம். ஒரு நாள் தவறியதில்லை. மற்றவர்களைக் கெஞ்சிக் கூத்தாடும்போதெல்லாம், "ஒரு கொத்தனார் இருக்கார், அவரைப் பாத்துக் கத்துக்கோங்க" என்று பீற்றிக்கொள்வேன்.

ஒரு நாள் அக்கா அவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். மனுஷன் எலும்பும் தோலுமாக இருந்தார். பரிசோதித்தால், அக்காவுக்குக் கிருமி கட்டுக்குள் இருந்தது. அவருக்கு எல்லை மீறியிருந்தது.

"மாத்திரை போட்டீங்களா இல்லையா அண்ணே?"

"போட்டா தலை சுத்துதும்மா. சாரத்து மேல நின்னு எப்படி வேலை பாக்குறது? நிறுத்தி ரொம்ப நாளாச்சு."

"எங்கிட்டயும் போட்டாச்சுன்னுதானே சொன்னீங்க?" அக்கா சுவரோரமாக உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப தினமும் எதுக்கு ரிங் கொடுத்தீங்க?" என்றேன்.

இதென்ன கேள்வி என்பது போல என்னைப் பார்த்தார். "நீ வேலை மெனக்கெட்டு கூப்பிடுறே. பதில் கொடுக்கலன்னா உன் மனசு கஷ்டப்படாதா?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மரியாதையாம் மரியாதை! தலை சுற்றுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேறு மாத்திரை கொடுத்திருப்பார்களே. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரோ "சரிம்மா, சரிம்மா" என்று சிரித்தார்.

மருந்தை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் காசநோய் நுரையீரலைத் தின்றிருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் போய்விட்டார்.

துக்க வீட்டில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார். "நாளைக்கு மறக்காம ரிங் கொடுத்துடும்மா. நீ கொடுத்தாதான் நான் எந்திரிச்சுப் போடுவேன்."

மறுநாள் மாலை கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் திருப்பி ஒன்று வந்தது. அக்கா மாத்திரை போட்டுவிட்டார். அடுத்த எண்ணுக்குப் போக வேண்டியதுதான். போகவில்லை. போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பொய்யாவது ஒண்ணு கொடுங்க அண்ணே" என்று வாய்விட்டு அழுதேன்.