எதனால் நின்றது

பொற்கொடி அந்த வண்டியைத் தள்ளிக்கொண்டு கோட்டைமேட்டுச் சந்துக்குள் நுழைந்தபோதே மெக்கானிக் அப்துல் முத்தலிப் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். இருபத்தைந்து வருடத்துப் பழைய நூறு சிசி வண்டி. அதில் அவர் கை படாத திருகாணி ஒன்றுகூட இல்லை. அதை ஓட்டிய அவள் புருஷன் பாலகோபாலையும் நன்றாகத் தெரியும். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலை. வண்டியை விட வந்தால் ஒரு டீ நேரமாவது பேசாமல் போகமாட்டார். நாற்பது நாளைக்கு முன்னால் பெருந்துறைக்குப் பக்கத்தில் பைபாஸைக் கடக்கும்போது வண்டி நடுரோட்டில் நின்றுவிட்டது. உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டு இறங்கித் தள்ளியவரை லாரி அடித்தது. வண்டி சாய்ந்து விழுந்ததோடு சரி. மனிதர் போய்விட்டார்.

அதற்கு எட்டே நாளைக்கு முன்னால்தான் முத்தலிப் அதன் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, டியூனிங் பார்த்துக் கொடுத்திருந்தார்.

"வாங்க அம்மணி" என்றார்.

"போலீஸ்ல நேத்துத்தானுங்க வண்டியைக் குடுத்தாங்க பாய்." பொற்கொடி ஸ்டாண்டைப் போட்டுவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ரிப்பேரெல்லாம் வேண்டாமுங்க. இனி இதை யாரு ஓட்டப்போறா? எதனால நின்னுச்சுன்னு மட்டும் பாத்துச் சொல்லிப்போடுங்க."

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்கார்ந்தாள்.

"எங்க கொழுந்தனாரு, நீங்கதான் எதையோ சரியா மாட்டாம உட்டுட்டீங்கன்னு சொல்லிட்டுத் திரியறாருங்க. நான் அப்படிச் சொல்ல வரலீங்க. எனக்குத் தெரிஞ்சாப் போதும். அவரு ரோட்டுல போறதுன்னாலே எனக்குப் பயந்தானுங்க. எந்தக் கோயிலுக்குப் போனாலும் திருநீறு வாங்கியாந்து வண்டியில வெச்சுப்போடுவேன். சீட்டுக்கு அடியில வெச்சா அதும்மேல உக்காரோணும், அது ஆகாதுங்க. அதனால சைடு மூடியைத் தொறந்து வெப்பேன். அவருக்குத் தெரியாது, தெரிஞ்சா சிரிப்பாரு. என்ன வெச்சு என்னங்க? சாமி காப்பாத்தலியே."

கொழுந்தனார் மேல் முத்தலிப்புக்குக் கோபம் வரவில்லை. நாற்பது நாளாக அவரும் அதையேதான் தமக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். தொழுகையில் நின்றாலும், ஸ்க்ரூவை எத்தனை சுற்று விட்டோம், ஜெட்டை இறுக்கினோமா என்றே மனம் ஓடியது. ஒரு மனிதனைக் கொன்றது தம் கையா இல்லையா என்று யாரிடம் போய்க் கேட்பது? பதில் சொல்லக்கூடிய ஒரே சாட்சி போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. இப்போது அது கடை வாசலுக்கே வந்துவிட்டது.

உதைத்தார். நாலாவது உதையில் பிடித்தது. ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தால் சீராகத்தான் ஓடியது. கையை எடுத்தால் திணறியது, இரண்டு முறை இருமியது, நின்றுபோனது.

"இந்தச் சத்தந்தானுங்க" என்று பொற்கொடி எழுந்தாள். "கடைசி ரெண்டு மூணு நாளா இப்படித்தான் வந்துச்சு. நாளைக்குப் பாயைப் பாக்கோணும்னு சொல்லிட்டே இருந்தாரு." அதற்குமேல் அவளால் கேட்க முடியவில்லை. சந்து முனையில் இருந்த வேப்பமரத்தடிக்குப் போய் அந்தப் பக்கம் பார்த்து நின்றுகொண்டாள்.

முத்தலிப் பிளக்கைக் கழற்றினார். கன்னங்கரேலென்று கரி படிந்திருந்தது. பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. ஏர் ஸ்க்ரூவை அதிகமாக இறுக்கினாலும் இப்படித்தான் ஆகும். அது அவர் கையால் வைத்தது. டியூனிங் முடிந்ததும் ஸ்க்ரூவின் தலையில் மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிடுவது அவர் வழக்கம். யாராவது கை வைத்தால் கோடு விலகிவிடும். டார்ச் அடித்துப் பார்த்தார். கோடு விலகவில்லை. அப்படியென்றால் தாமே தப்பாக வைத்திருக்க வேண்டும். ஸ்க்ரூடிரைவரை ஸ்க்ரூவில் பொருத்தினார். உள்ளே திருகியபடியே எண்ணினார். ஒன்று. ஒன்றரை. முட்டி நின்றது.

இந்த வண்டிக்கு ஒன்றரைச் சுற்றுதான் கணக்கு. சரியாகத்தான் இருந்தது. நம்பிக்கை வராமல் மறுபடியும் எண்ணினார். கார்புரேட்டரைக் கழற்றி ஜெட், மிதவை, சோக் எல்லாம் பார்த்தார். எல்லாம் அவர் வைத்தது வைத்தபடியே இருந்தன. "அல்ஹம்துலில்லாஹ்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். தம் கை காரணம் இல்லை.

அப்படியானால் காற்று எங்கே அடைபட்டது? கார்புரேட்டரின் வாயைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக மாவு போல ஏதோ படிந்திருந்தது. ஸ்லோவில் ஓடும்போது காற்று போவதற்கென்று அங்கே ஊசிமுனை அளவில் ஒரு துளை உண்டு. அது முழுக்க அடைத்திருந்தது. அதனால்தான் வேகமாகப் போகையில் ஒன்றும் தெரியவில்லை. வேகத்தைக் குறைத்தால் மட்டும் நின்றிருக்கிறது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தார். லேசான விபூதி வாசனை.

இடப் பக்கத்து மூடிக்குள் டூல்ஸ் பெட்டி. அதில் திருநீற்றுப் பொட்டலங்கள் சேர்ந்துகொண்டே இருப்பதை அவர் பல தடவை பார்த்திருக்கிறார். தொட்டதில்லை. இப்போது திறந்தார். இனி ஒன்று வைக்க இடமில்லாமல் நிரம்பியிருந்தது. வலப் பக்கத்து மூடிக்குள் இருப்பது ஏர் ஃபில்டர்; கார்புரேட்டருக்குக் காற்று அதன் வழியாகத்தான் போகும். அதைத் திறந்தார். ஃபோமுக்கு நடுவில் உள்ள குழியில், தினசரி காலண்டர் தாளில் மடித்த ஒரு பொட்டலம் பத்திரமாகச் செருகப்பட்டிருந்தது. ஆட்டத்தில் மடிப்பு அவிழ்ந்து பாதித் திருநீறு காலியாகியிருந்தது. தாளில் இருந்த தேதி, அவர் வண்டியைக் கொடுத்ததற்கு மறுநாள்.

அவர் பொட்டலத்தை மெல்ல உருவி எடுத்தார். சற்றுமுன் சந்தோஷப்பட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது.

பொட்டலத்தைக் கொண்டுபோய்க் காட்டினால் போதும். கொழுந்தனார் வாய் மூடும். கடையின் பேர் நிற்கும். அதைவிடப் பெரிது, தம் கை சுத்தம் என்று நாலு பேருக்குத் தெரியும். பொய் பேசிப் பிழைத்தவர் அல்ல முத்தலிப். ஒரு ரூபாய் பாகத்தைக்கூட மாற்றாமல் மாற்றினேன் என்று சொன்னதில்லை. ஆனால் வேப்பமரத்தடியில் நிற்கிறவளைப் பார்த்தார். புருஷன் பத்திரமாக வீடு வந்து சேர வேண்டும் என்று வைத்த கை. உண்மையைச் சொன்னால் அவர் பிழைத்துக்கொள்வார். அவள் பிழைக்கமாட்டாள்.

பொட்டலத்தைச் சுத்தமான துணியில் மடித்து அலமாரியின் மேல் தட்டில் வைத்தார். கார்புரேட்டரைத் துடைத்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"அம்மணி, ஏர் ஸ்க்ரூவை நாந்தான் அதிகமா இறுக்கிப்போட்டேனுங்க. அதனாலதான் ஸ்லோவுல நின்னுருக்குது. உங்க கொழுந்தனாரு சொன்னது சரிதானுங்க. தப்பு என்னுது."

பொற்கொடி அவரையே பார்த்தாள்.

"நெசமாலுங்களா?"

"நெசந்தானுங்க."

அவள் திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தலையைக் குனிந்து காத்திருந்தார். அதற்குத் தயாராகத்தான் இருந்தார். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அழுது ஓய வெகுநேரம் ஆனது.

"நாப்பது நாளா நான் தூங்கலீங்க பாய்" என்றாள். "நான் என்ன கொற வெச்சேன், எந்த சாமிக்கு என்ன செய்யாம உட்டேன்னு அதையே நெனச்சுட்டுக் கெடந்தேன். என்னாலதான் போயிட்டாரோன்னு..."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். குரல் இறங்கியிருந்தது. "வேணும்னு யாராச்சும் செய்வாங்களா? நல்லா ஓடோணும்னு நெனச்சுத்தான செஞ்சீங்க. கை தவறிப்போச்சு. அதுக்காக நீங்க உங்களையே வதைச்சுக்காதீங்க. அவரு இருந்தாலும் இதையேதான் சொல்லுவாரு. உங்க மேல எனக்கு வருத்தமில்லீங்க."

அவளிடம் சொல்ல வேண்டும் என்று அவர் வாய் வரை வந்திருந்தவை அதே வார்த்தைகள்தான். அவற்றை இனி எந்தக் காலத்திலும் அவளிடம் சொல்ல முடியாது. முத்தலிப்புக்குக் கண் நிறைந்துவிட்டது. கிரீஸ் கையாலேயே துடைத்துக்கொண்டு, "சரிங்க அம்மணி" என்று மட்டும் சொன்னார்.