பாசிக்கு முதல் மொட்டை

தொட்டியில் இருந்த பாசிக்கு யாரோ தலைவாரி விட்டிருந்தார்கள். அது ஒன்றும் பெரிய விஷயமில்லை. நேரம் இருக்கிறவர்கள் வாரிவிட்டுப் போகட்டும். இசக்கிராஜனுக்கு உறுத்தியது வகிடுதான். நூல் பிடித்தாற்போல் நேராக இருந்தது.

அவன் தூத்துக்குடித் துறைமுக அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவன். கோணல் கோட்டைப் பார்த்தால் அவனுக்குச் சோறு இறங்காது. இந்த வகிட்டில் குறை சொல்ல எதுவுமே இல்லை. அதனாலேயே சந்தேகம் வலுத்தது.

முன்னறையில் நாலடி நீளத்துக்குக் கடல்தண்ணீர்த் தொட்டி. நடுவில் ஒரு கல். கல்லின் மேல் பச்சைப் பாசி, முடி முடியாக. அது வந்த நாலு மாதத்தில் ஒன்பது மீன்களில் எட்டு போய்ச் சேர்ந்துவிட்டன. மிச்சமிருந்த ஒரு மஞ்சள் மீனும் தண்ணீருக்கு மேலே வாயைப் பிளந்துகொண்டு தவித்தது. இதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று இசக்கிராஜன் வைராக்கியமாக இருந்தான்.

அவன் செய்யாத வைத்தியமில்லை. விளக்கு எரியும் நேரத்தைக் குறைத்தான். தீனியைப் பாதியாக்கினான். வாரம் தவறாமல் தண்ணீர் மாற்றினான். பழைய பல் பிரஷால் கல்லைச் சுரண்டினான். பாசி தின்னும் நத்தைகள் என்று சொன்னார்கள். ஆறு வாங்கி விட்டான். ஆறும் பாசியைச் சுற்றி மரியாதையாக உட்கார்ந்துகொண்டன. ஒன்றுகூட வாய் வைக்கவில்லை. பாசி மதமதவென்று வளர்ந்தது. வீட்டில் யாரோ அதற்கு ஊட்டி வளர்க்கிறார்கள்.

அன்று தண்ணீரின் மேல் தேங்காய் எண்ணெய் படர்ந்திருந்தது. மனைவி சண்முகவடிவைக் கூப்பிட்டுக் கேட்டான்.

"பாசிக்கு எண்ணெய் தேச்சது யாரு?"

"என் தலைக்கே தேய்க்க நேரமில்ல," என்றாள் வடிவு.

அவள் தலையைப் பார்த்தான். வகிடு எப்போதும்போல இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அரைமனதாக அவளை விட்டான். மிச்சம் அவள் தம்பி லிங்கதுரை. ஞாயிறு தவறாமல் சாப்பிட வருகிறவன். சுத்த வழுக்கை. சீப்போடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஆள். இப்படிப்பட்டவர்களைத்தான் நம்பக் கூடாது என்று இசக்கிராஜன் முடிவு செய்தான்.

மறுநாள் அவனுடைய சட்டைப் பையிலேயே ஒரு சீப்பு இருந்தது. பல்லுக்கிடையில் பச்சையாக நாலைந்து இழை. என்ன துணிச்சல், என்னுடைய பையிலேயே ஒளித்து வைக்கிறார்களே என்று அவனுக்கு ஆத்திரம் வந்தது. சாட்சிக்கு ஆகும் என்று சீப்பைப் பையிலேயே வைத்துக்கொண்டான்.

அலங்கார மீன் கடை மரியதாஸ் வந்து பார்த்தார். கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பாசியைத் தடவினார். அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி, இது மொத முடில்லா."

"அதுக்கு?"

"கண்டபடி கத்தரிச்சா ரெட்டிப்பா வரும். மாமன் மடில வச்சு மொட்டை எடுக்கணும். ரெண்டு நாள்ல எடுத்துருங்க. இல்லன்னா மீனு தாங்காது."

இசக்கிராஜன் வாசல் வரை போய் அவரை வழியனுப்பிவிட்டுத் திரும்பினான். லிங்கதுரை குளித்து, புதுவேட்டி கட்டி, முன்னறையில் உட்கார்ந்திருந்தான். அன்று செவ்வாய்க்கிழமை.

"ஒனக்கு யாரு மாப்ள சொன்னா?"

"சொல்லணுமா அத்தான்? மாமன்னா வரணும்லா."

இசக்கிராஜன் கணக்குப் போட்டுப் பார்த்தான். இவன் மாமன் என்றால் வடிவுதான் தாய். இந்தச் சங்கதியை இத்தனை நாள் தன்னிடம் மறைத்திருக்கிறார்கள். கல்யாணமாகி ஒன்பது வருடம். அந்த வீட்டில் யாருக்கும் பேர் வைக்க வேண்டிய அவசியம் வந்ததில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்வதும் இல்லை.

வடிவு கல்லை ஈரத்துண்டில் சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அது அங்கே கச்சிதமாகப் பொருந்தியதையும் அவன் குறித்துக்கொண்டான். மீனைத் தனியே விட்டுவர அவனுக்கு மனமில்லை. தூக்குவாளியில் கடல்தண்ணீரோடு எடுத்துக்கொண்டான்.

அடுக்களைக்குப் பின்னாலிருக்கும் நடைவழி அன்று நீண்டிருந்தது. அரைமணி நேரம் நடந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் மோர் கொடுத்தார்கள். கடைசியில் முடிகாணிக்கை அலுவலகம் வந்தது. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு குமாஸ்தா பெரிய பேரேட்டைத் திறந்து வைத்திருந்தார். பக்கத்தில் முடியெடுக்கிறவர் கத்தியோடு காத்திருந்தார்.

"பிள்ள பேரு?" என்றார் குமாஸ்தா.

இசக்கிராஜன் வடிவின் முகத்தையே பார்த்தான். இப்போது மாட்டிக்கொள்வாள். வளர்த்தவளுக்குப் பேர் தெரியாமல் இருக்காது. வடிவு தம்பியைப் பார்த்தாள். தம்பி கூரையைப் பார்த்தான்.

"பேரு வைக்கலையே," என்றாள் வடிவு. அவள் குரலில் பொய் இல்லை.

"ஆவுடைத்தங்கம்," என்றான் இசக்கிராஜன். "வீட்ல தங்கம்னு கூப்பிடுவோம்."

குமாஸ்தா விரலை வைத்துத் தேடினார். சரியாக இருக்கிறது, நாலு மாதத்துக்கு முன்பே பதிந்திருக்கிறது என்று சொல்லிப் பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். தகப்பனார் பெயர் இசக்கிராஜன். அளவுகோல் வைத்து எழுதியதுபோல் எழுத்துகள் நேராக நின்றன.

இத்தனை நாளும் அவன் அவளைப் பார்த்த அதே பார்வையால் வடிவு இப்போது அவனைப் பார்த்தாள்.

"எத்தன நாளா நெனச்சு வச்சிருந்தீங்க இந்தப் பேர?"

அவன் சட்டைப் பையிலிருந்த சீப்பைத் தொட்டுப் பார்த்தான். ஒன்பது வருடம் என்று சொல்லியிருக்கலாம்.

லிங்கதுரை சம்மணமிட்டு உட்கார்ந்து கல்லை மடியில் வாங்கிக்கொண்டான். புதுவேட்டி நனைந்தது. முடியெடுக்கிறவர் கத்தியைத் தீட்டினார். இசக்கிராஜன் தூக்குவாளியைத் தரையில் வைத்துவிட்டுக் கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"பாத்து," என்றான். "மெதுவா."

முதல் கொத்து விழுந்தது. வாளிக்குள் மஞ்சள் மீன் வாயை மூடி, மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் தடவையாக அடியில் இறங்கி நீந்தியது. வடிவுதான் அதைப் பார்த்தாள். இசக்கிராஜன் திரும்பவில்லை. அவன் குனிந்து, விழுந்த முடியை ஓர் இழைகூட விடாமல் பொறுக்கி, சட்டைப் பையில் சீப்புக்குப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தான்.