ஒரு காலத்தில் பட்டறையாக இருந்த இடம்

ஹ்ராயிர் மேஸ்திரியின் வக்கீல் கையேட்டின் பதினான்காம் பக்கத்தை விரித்து என் பக்கமாகத் திருப்பி வைத்தார். திருப்பியிருக்க வேண்டியதில்லை. எங்கள் மார் மிகாயேல் பேட்டையில் நடந்த வடிவமைப்பு வாரத்துக்கான அந்தக் கையேட்டை அமைத்ததே நான்தான். வெள்ளையடித்த சுவர், காலித் தரை, நடுவில் தொங்கும் என்னுடைய பித்தளை விளக்கு. கீழே பிரெஞ்சில் ஒற்றை வரி: ‘ஒரு காலத்தில் உலோகப் பட்டறையாக இருந்த இடம்.’

“இதை எழுதினது யாரு, நய்லா?”

“நான்தான்.”

“பட்டறை இன்னும் ஓடிட்டுத்தானே இருக்கு?”

வடிவமைப்பாளர்களான எங்கள் ஆட்களுக்கு அந்த வரி ஒரு வியாதி. பழைய அச்சகம், பழைய ரொட்டிக்கடை என்று போட்டால்தான் கூட்டம் வந்து சுவரைத் தடவிப் பார்க்கும். ஓடுகிற பட்டறை என்று போட்டால் எவன் வருவான்? ஹ்ராயிர் மேஸ்திரி பித்தளைத் தகட்டைச் சுழலவிட்டு, கம்பியால் அழுத்தி, விளக்குக் குடையாக்குபவர். எங்கள் தெருவில் பாதிப் பேருடைய விளக்குகள் அவர் கையில் உருவானவை. பெயர் மட்டும் எங்களுடையது. கண்காட்சிக்கு இடம் வேண்டும் என்று நான் கெஞ்சியதால், அவருடைய இயந்திரத்தைப் பெயர்த்துக் கொல்லையில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார். ஒரே வாரம். எட்டாம் நாள் அது பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

அவர் அப்பா காலத்து வாடகை ஒப்பந்தம் அது. கடையைக் காலி செய்யாதவரை கட்டடக்காரரால் அவரை அசைக்க முடியாது. காலி செய்துவிட்டார் என்று வழக்குப் போட கட்டடக்காரருக்குக் கிடைத்த ஒரே அத்தாட்சி என் கையேடு.

“நான் சாட்சி சொல்றேன். ஒரு வாரத்துக்கு நான்தான் கேட்டு வாங்கினேன்னு.”

“சொல்லுங்க. கடையை உள்வாடகைக்கு விட்டுட்டார்னு அவங்க எழுதிப்பாங்க. அதுக்கும் ஒப்பந்தம் போயிடும்.”

“வாடகைன்னு நான் எதுவும் கொடுக்கலையே.”

“அந்த மாசம் அவருக்கு நீங்க பணமே கொடுக்கலையா?”

“விளக்குகளுக்குக் கொடுத்தேன்.”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க பேசினாலும் அடி, பேசாம இருந்தாலும் அடி. திங்கட்கிழமை விசாரணை. அவர்கிட்ட சொல்லிடுங்க.”

நானே போனேன். அனுப்ப வேறு யார் இருக்கிறார்கள்? மேஸ்திரி என்னைப் பார்த்ததும் இயந்திரத்தை நிறுத்தினார்.

“வா. துருப்பிடிச்ச இரும்புத் தகடு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன். உங்க ஆளுங்க கண்ணுல பட்டா விலை ரெண்டு மடங்காயிடுமே.”

சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. அவர் மனைவி சிர்வார்த் காப்பிக் கோப்பையை என் கையில் வைத்துவிட்டு, என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இயந்திரத்துக்கு மேலே சுவரில் அந்தப் பதினான்காம் பக்கம் தொங்கியது. பித்தளைச் சட்டம், அவரே அடித்துச் செய்தது. அவர்கள் இருவருக்கும் ஆர்மீனிய மொழியும் அரபியும் படிக்கத் தெரியும், பிரெஞ்சு தெரியாது. இத்தனை மாதத்தில் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. கடை புத்தகத்தில் வந்திருக்கிறது, அது போதும் அவர்களுக்கு.

வக்கீல் சொன்னதையெல்லாம் சொன்னேன், அந்த ஒரு வரியைத் தவிர.

“படத்துல கடை காலியாத்தான் இருக்கு, ஒத்துக்கறேன்,” என்றார் சிர்வார்த். “ஆனா கீழ ஏதோ எழுதியிருக்கே. இவரு பேரு, பட்டறைன்னு எல்லாம் இருக்கும்ல? அதைக் காட்டச் சொல்லு வக்கீலை.”

“பேரு இல்லைக்கா.”

“அப்ப என்னதான் இருக்கு? படி.”

அரபியில் சொன்னேன். அரபியில் அந்த வரிக்கு ஒரு அழகும் இல்லை. “முந்தி இது பட்டறையா இருந்துச்சுன்னு போட்டிருக்கேன்.”

மேஸ்திரி நிமிர்ந்து சட்டத்தைப் பார்த்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“முந்தின்னா எப்பம்மா?” என்றார்.

உண்மையாகவே கேட்டார். சிர்வார்த் உள்ளே போய்விட்டார்.

படத்தில், காலித் தரையில், நான்கு துளைகள் தெரிந்தன. இயந்திரத்தின் போல்ட்டுகள் இருந்த இடம். கண்காட்சிக்காக அவற்றைச் சிமெண்ட் வைத்து அடைக்க வந்தவரை நான்தான் தடுத்தேன், அழகாக இருக்கின்றன என்று.

மேஸ்திரி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இயந்திரத்தின் அடியில் மண்டியிட்டார். முதல் போல்ட்டை இறுக்கிப் பார்த்தார், அசையவில்லை. இரண்டாவதும் அசையவில்லை. மூன்றாவதுக்கு நகர்ந்தார்.