மூலையில் இருந்த சாம்பல் நிற டைல்ஸ்

லாரியின் பின்கதவைத் திறந்ததும் வெயிலில் வெந்த அட்டையின் வாடை வந்தது. டபுள் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, இரண்டு பெட்டிகளை ஒன்றாகத் தோளுக்கு ஏற்றினார். மற்ற சுமைக்காரர்கள் ஒவ்வொன்றாகத்தான் எடுத்தார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லார் முன்னாலும் இரண்டாகத் தூக்கிக் காட்டிய வீம்பு, அவருக்கு அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்திருந்தது. இப்போது ஒன்றைத் தூக்கினால், "என்ன டபுள், உடம்பு சரியில்லையா?" என்று மேனேஜர் கேட்கிறார். சம்பளம் என்னவோ சிங்கிள்தான்.

டைல்ஸ் கடையின் பின்னால் இருந்த அந்தக் குடோனுக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. அட்டை நனைந்தால் பெட்டியின் அடி விட்டுப்போகும், டைல்ஸ் காலில் விழும். குடிக்கிற தண்ணீர்கூட வெளியே கொட்டகையில்தான். பெருக்குவதும் வெறும் துடைப்பத்தால்தான். கிளம்பிய தூசி சற்று நேரம் சுற்றிவிட்டுத் திரும்பப் பெட்டிகள் மேலேயே வந்து உட்காரும். டபுளின் புருவமும் பாதமும் எப்போதும் ஒரே நிறத்தில் இருந்தன.

கடைசிப் பெட்டியை இறக்கிவிட்டு அவர் குடோனின் மூலைக்குப் போனார். அங்கே சொரசொரப்பான சாம்பல் நிற டைல்ஸ் அடுக்கப்பட்டிருந்தது. கம்பெனி அந்த ரகத்தை நிறுத்திவிட்டது. மிஞ்சிய பெட்டிகளில் ஒன்றுக்கொன்று நிறம் லேசாக மாறும் என்பதால் வாங்குகிறவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். டபுளுக்கு நிறத்தைப் பற்றிக் கவலை இல்லை. வழுக்காத டைல்ஸ், அது ஒன்று போதும். யார் கண்ணிலும் படாமல் இருக்கட்டும் என்று அவரே அதன் முன்னால் வேறு பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்.

"சார், அந்த சாம்பல் கலர் விஷயம் என்னாச்சு?"

"கம்பெனிக்கு எழுதியிருக்கேன்யா. விலையைக் குறைக்கச் சொன்னா மொத ஆளு நீதான். போதுமா?"

மேனேஜர் இதை முந்தின மாதமும் சொல்லியிருந்தார்.

டபுளின் மனைவி ஓர் அலுவலகக் கட்டடத்தில் தரை துடைக்கும் வேலை பார்த்தவள். துடைத்த தரையிலேயே வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. பார்த்து நடந்திருக்க வேண்டும் என்று சொன்ன காண்ட்ராக்டர், அவள் இடத்தில் மறுநாளே வேறு ஆளைப் போட்டுவிட்டார். ஆபரேஷன் முடிந்து வாக்கரைக் கையில் கொடுத்தபோது, தரை மட்டமாக இருக்க வேண்டும், வழுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். டபுளின் வீட்டுத் தரையோ பழைய சிமெண்டு, கையளவு கையளவாகப் பேந்து கிடந்தது. வாக்கரின் கால் ஒரு குழியில் இறங்கினால் மறுபடியும் ஆஸ்பத்திரிதான். அதனால் அவள் தன் தங்கை வீட்டில் இருந்தாள்.

அன்று சாயங்காலம் அவர் போனபோது அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். சமையலறையில் தங்கை பாத்திரங்களை நங்கு நங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"எப்பங்க என்னைக் கூட்டிட்டுப் போவீங்க?" என்று அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "தங்கச்சி வாயைத் தொறந்து ஒண்ணும் சொல்லல. பாத்திரம் சொல்லுது."

"தரையைப் போட்டுட்டா மறுநாளே வந்து நிக்கிறேன். அந்த சாம்பல் கலருக்குத்தான் காத்துட்டு இருக்கேன்."

"எந்தக் கலரா இருந்தா என்ன? பளபளன்னு மட்டும் வேணாங்க. நான் விழுந்த தரை அப்படித்தான், முகம் பாக்கலாம். அதை நெனச்சாலே கால் நடுங்குது." அவள் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தொடர்ந்தாள். "இங்க பாத்ரூம் போகணும்னாக்கூட ஒருத்தரைக் கூப்பிட வேண்டியிருக்கு. மானம் போகுது. நானா எந்திரிச்சு, நானா போய்ட்டு நானா வரணும். வேற எதுவும் நான் கேக்கல."

அவர் தலையை ஆட்டினார். வெளியே வரும்போது தங்கையின் கணவர் வாசலில் நின்றிருந்தார். "அவசரமில்ல அண்ணே," என்றார். பிறகு, "மாசக் கடைசில எங்க பெரியவன் ஊர்லேருந்து வர்றான். படுக்க எடம்தான் கொஞ்சம்..." என்று இழுத்தார்.

மாசக் கடைசிக்கு நாள் அதிகம் இல்லை. மறுநாளே டபுள் மகளை அழைத்துக்கொண்டு, தான் வேலை பார்க்கிற கடைக்குள் முன்வாசல் வழியாக நுழைந்தார். மகள் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஏசியில் நின்ற விற்பனைப் பையன், "வாங்க சார், உக்காருங்க, ஜூஸ் சாப்பிடுறீங்களா?" என்று ஓடி வந்தவன், முகத்தைப் பார்த்ததும் நின்றான். "அட, டபுள் அண்ணனா!" ஜூஸ் அத்தோடு போயிற்று.

வழுக்காத டைல்ஸ் வரிசை வரிசையாகச் சுவரில் மாட்டியிருந்தது. மகள் ஒவ்வொன்றின் விலைச்சீட்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு அப்படியே விட்டாள். அப்பாவின் ஒரு மாதச் சம்பளம் போனாலும் கட்டில் இருக்கும் மூலைக்குக்கூட வராது. பிளாஸ்டிக் விரிப்பு மலிவுதான். வாக்கரின் கால் பட்டால் சுருளும். பழையபடி சிமெண்டே பூசலாம் என்றால், அடியிலிருந்து ஈரம் ஏறுகிற வீடு, ஒரு வருஷத்தில் மறுபடியும் பேந்துவிடும். இருவரும் கடையை இரண்டு சுற்று சுற்றி வந்தார்கள். விற்பனைப் பையன் பின்னாலேயே வந்து, அவர்கள் தொட்ட டைல்ஸை எல்லாம் துணியால் துடைத்தான். மகளுக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது.

"அந்த சாம்பலை இப்பவே குடுங்களேன் சார்," என்றார் டபுள் மேனேஜரிடம். "நீங்க சொல்ற விலைக்கு எடுத்துக்கிறேன்."

"கம்பெனி பதில் வராம ஒரு பெட்டி வெளிய போனாலும் என் சீட்டைக் கிழிச்சுடுவாங்க. விலை என்னன்னு பில்லுல போடுறது?" மேனேஜர் எழுந்து வந்தார். "உனக்காக ஒண்ணு பண்றேன். வெள்ளை பளபளா ஒரு லாட் மிச்சம் கெடக்கு. பாதிக்குப் பாதி. உன் வீட்டுக்குக் கணக்கா வரும். ஆனா வித்தா வித்ததுதான், திரும்ப எடுக்க மாட்டேன்."

"பளபளா வேண்டாம்ப்பா," என்றாள் மகள். "அம்மா படிச்சுப் படிச்சு சொல்லிச்சு."

"இரு, பாத்துட்டு வர்றேன்."

டபுள் குடோனுக்குப் போனார். அந்த லாட்டில் நான்கு டைல்ஸை உருவித் தரையில் பரப்பி, செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறினார். முன்னும் பின்னும் நடந்தார். குதிகாலை ஊன்றித் திருகினார். ஒரு காலால் இழுத்துப் பார்த்தார். எங்கும் வழுக்கவில்லை. கண்ணுக்குத்தான் பளபளப்பு, காலுக்கு நன்றாகப் பிடிக்கிறது என்று அவருக்கு நம்பிக்கை வந்தது. எத்தனையோ வருஷமாக ஊர் வீடுகளுக்கெல்லாம் டைல்ஸ் தூக்கிய ஆள் அவர். ஆனால் எந்த வீட்டிலும் வாசலோடு இறக்கிவிட்டுத் திரும்பியவர். நனைந்த டைல்ஸ் மேல் ஒரு நாளும் நின்றதில்லை.

"கல்லு மாதிரி நிக்குது," என்று மகளிடம் வந்து சொன்னார். "நானே ஏறி நடந்து பாத்துட்டேன்."

"சரியாப் பாத்தியா?"

"நான் பாக்காததா?"

கொத்தனார் வந்து பழைய தரையை மட்டம் செய்து, ஹாலிலும், கட்டிலிலிருந்து குளியலறைக்குப் போகும் நடையிலும் வெள்ளை டைல்ஸ் ஒட்டினார். வேலை சுத்தமாக இருந்தது. சிந்திய சிமெண்டுப் பாலை எல்லாம் சோப்புத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, இரண்டு தடவை கழுவிவிட்டுப் போனார். விளக்கைப் போட்டதும் தரையில் இன்னொரு விளக்கு எரிந்தது. டபுள் வாசலிலேயே நின்று ரசித்தார்.

மகள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே காலை வைத்தாள். ஈரம் இன்னும் காயவில்லை. கால் சர்ரென்று இழுத்துக்கொண்டு போக, கதவைப் பிடித்துத் தப்பித்தாள்.

"அப்பா!"

"மெதுவா வாம்மா, ஈரம் இருக்கு."

"அம்மா குளிச்சுட்டு வந்தா ஈரம் இருக்காதா? காலு ஈரமில்லாமயா வரும்?" கதவிலிருந்து கையை எடுக்காமலே கேட்டாள். "ஏறி நடந்து பாத்தேன்னு சொன்னே?"

டபுள் எழுந்து நடைக்குப் போனார். நிஜமாகவே கால் நிற்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டார். குனிந்து டைல்ஸைத் தடவிப் பார்த்தார்; பிறகு தன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தார். அன்றைக்கு வேலைக்குப் போகாததால் அதில் தூசி இல்லை.

"குடோன்ல வழுக்கலம்மா," என்றார்.

"அங்கதான் மாவு மாதிரி தூசி கெடக்கே! தண்ணி ஊத்திப் பாக்கணும்னு தோணவேயில்லையா?"

"குடோன்ல தண்ணி ஊத்த விட மாட்டாங்க."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். இருந்த சேமிப்பு முழுவதும் அந்தத் தரையில் ஒட்டப்பட்டிருந்தது. கோபத்தைக் காட்டவும் ஆள் இல்லாமல், அவள் ஒரு பழைய துணியை எடுத்து மண்டியிட்டு ஈரத்தைத் துடைக்கத் தொடங்கினாள். டபுள் இன்னொரு துணியை எடுத்தார். "நீ உக்காருப்பா," என்று அதைப் பிடுங்கிக்கொண்டாள்.

மறுநாள் கம்பெனியிலிருந்து பதில் வந்தது. சாம்பல் ரகத்தை விலை குறைத்து விற்கக் கூடாது. மலிவாக வெளியே போனால் புது ரகத்தின் விலை அடிபடும். மிச்சத்தை உடைத்து, படம் எடுத்து அனுப்பினால் கடைக்கு முழுப் பணமும் வந்துவிடும்.

மேனேஜர் சுத்தியலை டபுளிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை.

"சார், எனக்கு ஹாலுக்கு வேணாம். நடைக்கு மட்டும் குடுங்க. கட்டில்லேருந்து பாத்ரூம் வரைக்கும். அந்த வெள்ளை மேலயே ஒட்டிக்கிறேன். சம்பளத்துல பிடிச்சுக்குங்க."

"பணத்துக்காகவாய்யா சொல்றேன்? எண்ணிக்கை சரியா இருக்கணும். ஒவ்வொரு பெட்டியும் படத்துல வரணும்."

"எப்படியும் ஒடைக்கிறதுதானே சார்?"

"ஒடைச்சது வேற. குடுத்தது வேற." மேனேஜர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு மட்டும் மனசு இல்லையா? உன் வீட்டம்மா நெலமை தெரியும். ஆனா நாளைக்கு என்னைக் கேள்வி கேட்டா யார் வந்து நிப்பா?"

தான் முன்னால் அடுக்கி மறைத்து வைத்திருந்த பெட்டிகளை டபுளே நகர்த்தினார். சாம்பல் டைல்ஸை ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துக் கொல்லைப்புறத்தில் பரப்பினார். அன்று இரண்டிரண்டாகத் தூக்கவில்லை. மேனேஜரும் ஏன் என்று கேட்கவில்லை. முதல் அடியில் ஒரு டைல்ஸ் இரண்டாகப் பிளந்தது.

"ரெண்டாப் போனா ஒட்டிடுவாங்கய்யா. நல்லாத் தூளாக்கு," என்றார் மேனேஜர் செல்போனை உயர்த்திப் பிடித்தபடி.

உறுதியான சரக்கு. சுலபத்தில் உடையவில்லை. சுத்தியல் எகிறி எகிறி வந்தது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். யார் மேலோ அடிப்பதுபோல இருந்தது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை. மதியத்துக்குள் நடைக்கு வேண்டியதும் ஹாலுக்கு வேண்டியதும் சல்லியாகக் குவிந்தன. மேனேஜர் நான்கு பக்கமும் சுற்றி வந்து படம் எடுத்தார்.

"அட்டையை என்ன சார் பண்றது?"

"அட்டையா? பழைய பேப்பர்காரனுக்குப் போறதுதானே. வேணும்னா எடுத்துக்கோ."

மாசக் கடைசியில் மனைவி ஆட்டோவில் வந்து இறங்கினாள். வாக்கரை ஊன்றி, வாசற்படியை மகளின் தோளைப் பிடித்து ஏறி, உள்ளே பார்த்தாள். வெள்ளைத் தரை ஜன்னல் வெளிச்சத்தில் மின்னியது. அவள் டபுளைப் பார்த்தாள். அவர் வேறெங்கோ பார்த்தார். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும், கட்டிலிலிருந்து குளியலறை வரைக்கும் அட்டைகள் ஒட்டப்பட்டிருந்தன. ஒவ்வொரு அட்டையிலும் ஒரு பெண் நனைந்த தரையில் வெறுங்காலோடு சிரித்துக்கொண்டே நடந்து வரும் படம். படத்துக்குக் கீழே பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது.

"ஈரத்திலும் வழுக்காது," என்று அவள் வாய்விட்டுப் படித்தாள். "இதுதான் நீங்க சொன்ன சாம்பல் கலரா?"

"அதோட அட்டைம்மா," என்றாள் மகள்.

"இப்போதைக்குத்தான்," என்றார் டபுள்.

அவள் வாக்கரை முதல் அட்டையில் வைத்தாள். வழுக்கவில்லை. கட்டில் வரைக்கும் தானாகவே நடந்தாள். சற்று நேரம் கழித்து, யாரையும் கூப்பிடாமல் எழுந்து, அட்டை மேல் அட்டையாக வாக்கரை எடுத்து வைத்துக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. மகளும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டபடி இருந்தார்கள்.

கதவு திறந்தது. ஈரப் பாதத்தை அவள் அட்டையில் வைத்ததும் அது ஊறி, மேல்தாள் உரிந்து வாக்கரின் ரப்பர்க் காலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அடியில் வெள்ளை தெரிந்தது. அவள் அப்படியே நின்றாள்.

"அசையாதே, அசையாதே," என்று டபுள் கட்டிலுக்கடியில் இருந்த அட்டைக்கட்டை இழுத்துக்கொண்டு ஓடிவந்தார். மண்டியிட்டு, ஊறிய அட்டையைச் சுரண்டி எடுத்து, தரையைத் துண்டால் துடைத்து, காய்ந்த அட்டை ஒன்றை அவள் காலடியில் வைத்தார். படத்துப் பெண் அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"அதைத் திருப்பிப் போடுங்க," என்றாள் அவள். "எல்லாத்தையும்."

அவர் ஒவ்வொன்றாக உரித்துத் திருப்பிப் போட்டுக்கொண்டே கட்டிலை நோக்கி நகர்ந்தார். அது முடிகிற வரைக்கும் அவள் வாக்கரை இறுகப் பிடித்துக்கொண்டு, ஈரக் காலோடு குளியலறை வாசலிலேயே நின்றாள்.