முன்தேதியிட்ட திருத்தச் சீட்டு

எங்கள் அலுவலகத்தின் வரிச் சட்ட நூலகத்தை இணையத்துக்கு மாற்றியபோது முதலில் நூலகர் வரதராஜுலு சாரைத்தான் மாற்றினார்கள். எந்தப் பிரிவு எந்தப் புத்தகத்தில் எத்தனையாம் பக்கம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கம்ப்யூட்டருக்கு உள்ளே போனார்.

இப்போது அவரிடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் கடவுச்சொல் வேண்டும். அவருடைய மனைவிக்கும் ஒன்று கொடுத்திருக்கிறார்கள். நேற்று அந்தம்மா உப்புமா செய்து கொண்டுவந்து திரைக்கு முன்னால் வைத்தார்.

"உப்புமாவுக்கு முடிவுகள் எதுவும் இல்லை" என்றார் சார்.

அந்தம்மா பாத்திரத்தை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்று வெள்ளிக்கிழமை. என் முறை.

என் பெயர் நாச்சிமுத்து. கோயம்புத்தூரில் ஒரு பெரிய ஆடிட்டர் அலுவலகத்தில் இருபத்தேழு வருடமாகத் திருத்தச் சீட்டு ஒட்டுகிறேன். சட்டம் மாறும்போதெல்லாம் மாறிய வரிகளை மட்டும் அச்சடித்து அனுப்புவார்கள். அதைக் கத்தரித்துப் புத்தகத்தில் பழைய வரியின் மேல் ஒட்ட வேண்டும். கோந்தை ஒரு ஓரத்தில்தான் தடவ வேண்டும். பழைய வருடத்து வழக்கு வந்தால் சீட்டைத் தூக்கிப் பார்க்க வேண்டுமே. முழுக்கத் தடவுகிறவன் இந்த வேலைக்கு லாயக்கில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைப்படுகிற தெம்பு போய்ப் பல வருடமாகிறது.

பத்து மணிக்கு என் மனைவி தேன்மொழி போன் செய்தாள்.

"சாயங்காலம் வந்துருவீங்கல்ல?"

"வரப் பாக்கறேன்."

"பாக்கறதென்ன பாக்கறது? நீங்க வராட்டி நான் யாருக்குச் சோறாக்கறது?"

எனக்கும் அது ஒன்றுதான் வேண்டும். சாயங்காலம் வீட்டுக்குப் போக வேண்டும். உள்ளே போனவர்கள் எங்கிருந்து பார்த்தாலும் தெரிவார்கள், வீட்டுக்கு மட்டும் வரமாட்டார்கள்.

அலமாரிகளை எடுக்க எடுக்க நூலகத்தின் நடை நீண்டுகொண்டே போனது. மாற்றல் அதிகாரி ஜெசிந்தாவின் மேஜைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். உட்கார்ந்துவிட்டுத்தான் போனேன்.

ஜெசிந்தா நல்ல மாதிரி. எனக்கு டீ சொன்னார்.

"நான் வரலீங்க மேடம். என்னை அச்சுலயே விட்டுருங்க."

"இருப்புப் பதிவேட்டுல இருக்கறது எல்லாமே போகணும் சார்."

"நான் ஆளுங்க. புத்தகமில்லை."

பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார். 410, இரும்பு ஏணி. 411, கோந்து பாட்டில். 412, நூலக உதவியாளர், ஒன்று. பதிவான நாள் 1.4.1998. கையெழுத்து என்னுடையது. வேலையில் சேர்ந்த அன்று நானேதான் எழுதியிருந்தேன்.

"இதை அடிச்சுற முடியாதுங்களா?"

"பதிவேட்டுல அடித்தல் கூடாது. திருத்தச் சீட்டு ஒட்டலாம்."

"யாருங்க ஒட்டறது?"

"அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்காங்க."

அங்கேயே உட்கார்ந்து ஒரு சீட்டைக் கத்தரித்தேன். "பதிவு எண் 412 நீக்கப்படுகிறது" என்று எழுதினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். பழகிய கை நிற்குமா? எங்களுக்கு வரும் சீட்டுகள் பாதிக்கு மேல் ஒரே மாதிரிதான் முடியும். இன்று போட்ட சட்டத்தைப் பத்து வருடத்துக்கு முன்பே போட்டதாக வைத்துக்கொள்ளச் சொல்லும். என் கை அதையும் எழுதியது. "இது 1.4.1998 முதலே நடைமுறைக்கு வந்ததாகக் கருதப்படும்." ஓரத்தில் கோந்து தடவி ஒட்டினேன்.

ஜெசிந்தா படித்துப் பார்த்தார்.

"முன்தேதி போட்டிருக்கீங்க."

"வழக்கமா அப்படித்தானுங்க."

"யோசிச்சுத்தானே போட்டீங்க?"

"சீட்டு ஒட்டறவன் என்னைக்குங்க யோசிச்சான்?"

முத்திரை குத்திவிட்டார்.

ஐந்து மணி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. இருபத்தேழு வருடத்தில் அப்படி நிம்மதியாக உட்கார்ந்ததில்லை. கொஞ்சம் தூங்கக்கூடச் செய்தேன்.

பீளமேட்டில் இறங்கும்போதுதான் உறைத்தது. வேலை 1998-லேயே நீக்கப்பட்டுவிட்டது. எங்களுக்குக் கல்யாணம் ஆனது 1999-ல். இந்த வேலையைப் பார்த்துத்தான் எனக்குப் பெண் கொடுத்தார்கள். வேலையே இல்லாதவனுக்கு யார் கொடுத்திருப்பார்கள்? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை நானே உடைத்திருந்தேன்.

வீட்டுக் கதவைத் தட்டினேன். தேன்மொழி திறந்தாள். அதே முகம், அதே நரை. தலையை மட்டும் வேறு மாதிரி வாரியிருந்தாள்.

"யாருங்க வேணும்?"

எனக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொள்ளக்கூட அலுப்பாக இருந்தது.

"நாச்சிமுத்துங்க. பொண்ணு பாக்க வந்தேன்" என்றேன். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க."

"என்ன வேலை பாக்கறீங்க?"

"வரிச் சட்டப் புத்தகத்துல திருத்தச் சீட்டு ஒட்டிட்டிருந்தேனுங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பி, "அப்பா" என்று கூப்பிட்டாள். மாமனார் இறந்து பதினான்கு வருடமாகிறது. பாடையைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். மகளைக் கட்டிக்கொடுக்காமல் கண்ணை மூடமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். உள்ளேயிருந்து வந்த இருமல் அவருடையதுதான்.

அவள் என் வேலையைப் பற்றி அவரிடம் சொன்னாள்.

"அந்தப் புஸ்தகமெல்லாம் கம்ப்யூட்டருக்குள்ள போயிருச்சுன்னு பேப்பர்ல போட்டிருந்தானே" என்றது மாமனாரின் குரல். "இவரு மட்டும் ஏன் போகலையாமா? கேளு சாமி."

தேன்மொழி என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்க போகலை?"

"வீட்டுக்கு வரணும்னுதானுங்க."

"எந்த வீட்டுக்குங்க?"

நான் கையை நீட்டி அவளுக்குப் பின்னால் காட்டினேன். அவள் திரும்பிப் பார்த்தாள்.